உடைந்த குடங்களிலிருந்து ஒரு நிறுவல்: சென்னையில் செய்து பார்க்க விரும்புவோருக்கு

கழிவுப் பொருள்களைக் கொண்டு நிறுவல் கலைப் படைப்பு (பொருள்களை ஓர் இடத்தில் அடுக்கியும் நிமிர்த்தியும் தொங்கவிட்டும் அமைக்கும் 'இன்ஸ்டலேஷன்') ஒன்றை உருவாக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வடிவத்தை முதலில் மனத்தில் வரைந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் பொருள்களைப் பிறகு தேடப் புறப்படுகிறார்கள். மயில் செய்வதென்று முடிவாகிவிடுகிறது. தோகைக்குப் பாட்டில் மூடி, உடலுக்குத் தகரம், கண்ணுக்கு ஒரு பல்பு என்று தேடல் தொடங்குகிறது. போதாததற்குக் கடையில் புதிதாக வாங்கிச் சேர்க்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றின்மீதும் நீலமும் பச்சையும் பூசியபின், எது எதிலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதில் கைத்திறன் உண்டு, உழைப்பும் உண்டு. ஆனால் ஒரு பொருள் எங்கே இருந்தது, யார் கையில் தேய்ந்தது, எதனால் வேண்டாததாயிற்று என்ற செய்திகள் அத்தனையும் அந்தச் சாயத்துக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. நிறுவல் கலைக்கு உயிர் கொடுப்பவை அந்தச் செய்திகளே. ஆகவே இங்கே சொல்லப்படும் முறை பொருளிலிருந்து தொடங்குகிறது. வடிவம் பின்னால் வரும்.

1942-இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிளின் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து 'எருதின் தலை' என்ற சிற்பத்தை அமைத்தார். அதைப் பார்க்கிறவருக்கு எருதும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை. கழிவுப் பொருளைக் கையாளும் எவரும் தம் வேலையை அளந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் படைப்பின் முன் நிற்பவர், "இது என்னவாக இருந்தது?" என்ற கேள்விக்கும் "இப்போது என்னவாக இருக்கிறது?" என்ற கேள்விக்கும் ஒரே பார்வையில் விடை காண முடிய வேண்டும்.

ஒரே பொருள், நிறைய

முதல் படைப்புக்கு ஒரே வகைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பலவகைப் பொருள்களைக் கலந்தால் ஒவ்வொன்றையும் வெட்ட, துளையிட, இணைக்க வெவ்வேறு முறை தேவைப்படும். பார்ப்பவரின் கவனமும் சிதறும். ஒரே பொருள் நூற்றுக்கணக்கில் சேரும்போது, தனியாக இருந்தபோது கண்ணில் படாத வேறுபாடுகள் வெளியே வரத் தொடங்குகின்றன. கானாவில் பிறந்து நைஜீரியாவின் நசுக்கா நகரில் நெடுங்காலம் பணியாற்றிய எல் அனட்சுய், 1990-களின் இறுதியில் மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்கத் தொடங்கினார். கைக்கு அடங்கும் அந்தச் சிறிய உலோகத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, சுவர் அளவுக்கு விரிந்து, துணியைப்போல மடிந்து தொங்குகின்றன. 2023-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் மிகப் பெரிய டர்பைன் மண்டபத்தையே அவர் அவ்வாறு நிரப்பினார். அவர் செய்ததில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒரு சிறு அலகை முடிவுசெய்து அதைத் திரும்பத் திரும்பச் செய்வது ஒன்று. அலகுகளைப் பிணைக்கும் இணைப்பையே படைப்பின் அழகாக்குவது மற்றொன்று.

சென்னையில் எந்தப் பொருளை எடுப்பது? ஒவ்வொரு பகுதியும் ஒருவகைக் கழிவைத் தந்துகொண்டிருக்கிறது. புதுப்பேட்டையில் வண்டிகளைப் பிரித்துப்போட்ட பல்சக்கரங்கள், சைலன்சர்கள், ரிம்கள். காசிமேட்டில் கிழிந்த நைலான் வலைகள், உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டிகள். ரிச்சி தெருவை ஒட்டிய சந்துகளில் கீபோர்டுகள், சர்க்யூட் போர்டுகள். எந்தத் தெருவிலும் விழா முடிந்த மறுநாள் ஃப்ளெக்ஸ் பேனர்கள். இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டாக நான் தேர்ந்துகொண்டிருப்பது பிளாஸ்டிக் குடம். சென்னையில் குடத்துக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோய், அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் தெருவோரம் நீண்ட வரிசை குடங்களின் வரிசைதான். ஆளுக்குப் பதிலாகக் குடம் நின்று இடம்பிடித்தது.

ஒரு பழைய குடத்தைக் கையில் எடுத்துக் கவனித்துப் பாருங்கள். சாலையில் தேய்த்து இழுத்ததால் அடிப்பாகம் வெளுத்து, நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடியிருக்கும். இடுப்பில் அணைந்த பக்கம் மட்டும் மழமழவென்று மெருகேறியிருக்கும். கழுத்தில் அடையாளத்துக்காகக் கட்டிய சிவப்பு நூலோ, நகப்பூச்சால் எழுதிய முதலெழுத்தோ மிச்சமிருக்கலாம். விரிசல்விட்ட இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உருக்கி ஒட்டிய தழும்பு இருந்தால், அந்தக் குடத்தை எறிய மனமில்லாமல் ஒருவர் காசு கொடுத்துப் பழுதுபார்த்திருக்கிறார் என்று பொருள். இத்தனையும் ஏற்கெனவே அதில் எழுதப்பட்டிருக்கின்றன. கலைஞரின் முதல் கடமை அவற்றை அழிக்காமல் இருப்பது.

சேகரிப்பு

நம் ஊரில் கழிவைத் தரம்பிரிக்கும் கலையில் தேர்ந்தவர்கள் காயலான் கடைக்காரர்களும், அவர்களுக்குப் பொருள் கொண்டுவந்து போடுகிறவர்களுமே. நேராக அவர்களிடம் போய், வேண்டியது இன்னது, எத்தனை வேண்டும், எவ்வளவு நாளில் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எடைக்கு வந்த குடங்களை உடைத்து நசுக்காமல் தனியே எடுத்துவைக்கச் சொன்னால், கடையில் இடம் அடைபடும். எனவே எடைக்கு உரிய விலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம். பேரம் பேசிக் குறைத்து வாங்கிய பொருளைக் கொண்டு உழைப்பாளிகளின் வாழ்வைப் பற்றிய படைப்பு செய்வது எனக்கு ஒப்பாத காரியம். கடையில் வேலைசெய்கிறவர்களைப் படமெடுப்பதற்கு முன் அவர்களுடைய சம்மதத்தைக் கேளுங்கள். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்குள் நீங்களே இறங்கித் தேடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அனுமதியில்லாத இடம் என்பதோடு, உள்ளே புகையும் கண்ணாடிச் சில்லும் ஊசியும் காத்திருக்கின்றன.

காலமும் முக்கியம். போகிக்கு முந்தைய வாரத்தில் வீடுவீடாகப் பழையன வெளியே வரும். தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ முன்கூட்டியே சொல்லிவைத்தால், எரியப்போகும் பொருள்களில் பாதி உங்களிடம் வந்து சேரும். பிளாஸ்டிக்கும் டயரும் எரியாமல் தப்புவது ஊருக்கே நல்லது. மேலும் பொங்கலுக்குப் பிறகு வரும் பிப்ரவரியும் மார்ச்சும் திறந்தவெளியில் படைப்பை நிறுவுவதற்குச் சென்னையில் மிகவும் ஏற்ற மாதங்கள்.

புதிய பொருளை வாங்கிக் 'கழிவுக் கலை' செய்ய வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அப்படியிருக்க, கண்காட்சிக்கென்று நூறு பிளாஸ்டிக் கப்பைப் புதிதாக வாங்கி ஒட்டுவது, எந்தக் குப்பையைப் பற்றிப் பேச வந்தோமோ அதையே கூட்டுவதாகும்.

தொடக் கூடாதவை

சிலவற்றை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ட்யூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. பழைய டப்பா டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உப்பிய செல்போன் பேட்டரி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை வெட்டினாலோ துளையிட்டாலோ கிளம்பும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நோயைத் தருபவை. மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிக்க வேண்டாம். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஃப்ளெக்ஸ் பேனர் பிவிசி-யால் ஆனது. வெட்டலாம், தைக்கலாம், பின்னலாம், ஆனால் சூடு காட்டினால் நச்சுப்புகை வரும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யும்போது வரும் வெண்புகையை மூச்சில் இழுத்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

கழுவும்போது தடித்த கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். எலி நடமாட்டம் உள்ள இடத்திலிருந்து வரும் பொருள்களால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால், கையில் காயம் இருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். முதலில் காய்ந்த மண்ணை உதறி, பிறகு சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசி, வெயிலில் காயவையுங்கள். நாற்றம் போகவில்லையென்றால் பிளீச்சிங் பவுடர் கரைசலில் தனியாக ஒருமுறை முக்கி எடுக்கலாம். அதோடு கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அழுக்கு போக வேண்டும், தழும்பு இருக்க வேண்டும்: கம்பி நாரைக் கொண்டு தேய்க்காமல் மெல்லிய பிரஷ் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நூலையும் எழுத்தையும் தொடாதீர்கள்.

தரையில் பரப்பிப் பார்த்தல்

எதையும் வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். மொட்டைமாடி இதற்கு மிகவும் உகந்த இடம். மேலே தண்ணீர்த் தொட்டிமீது ஏறிநின்று பார்த்தால் முழு அமைப்பும் ஒரே பார்வையில் விழும். நிறவாரியாக ஒருமுறை, அளவுவாரியாக ஒருமுறை, தேய்மானத்தின் அளவை வைத்து ஒருமுறை என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெய்ஜிங் கலைஞர் சோங் தோங், தம் தாயார் ஐம்பது ஆண்டுகளாக எறியாமல் சேர்த்துவைத்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுப் பொருள்களை 2005-இல் படைப்பாக்கியபோது, எதையும் உருமாற்றவில்லை. சோப்புத் துண்டு சோப்புத் துண்டுகளோடும், செருப்பு செருப்புகளோடும், காலி ட்யூப் காலி ட்யூப்களோடும் வகைபிரித்துத் தரையில் அடுக்கப்பட்டன. அடுக்கும் முறையே அங்கே பேசியது. உங்கள் குடங்களும் தரையில் அடுக்கிய நிலையிலேயே நிறைவாக இருக்கிறதென்று தோன்றினால், சட்டமும் துளையும் இல்லாமல் அங்கேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். அதற்குத் துணிச்சல் வேண்டும். பலர் வேலைப்பாடு குறைந்துவிட்டதாகத் தோன்றுமே என்று அஞ்சி, தேவையில்லாததைச் சேர்க்கிறார்கள்.

சுவராக நிமிர்த்த முடிவுசெய்தால், ஒரு யோசனை சொல்கிறேன். குடத்தின் வாயைப் பின்புறமாகவும் அடியை முன்புறமாகவும் வைத்துப் படுக்கைவாட்டில் அடுக்குங்கள். எப்போதும் கண்ணில் படாத, தரையில் தேய்ந்து வெளுத்த அந்த வட்டங்கள் பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கி நிற்கும். ஒரு குடத்தின் விட்டம் 30 செ.மீ. அளவுக்கு இருக்கும், வரிசைக்கு 10 வீதம் 6 வரிசை வைத்தால் 60 குடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட சுவர் கிடைத்துவிடும்.

இணைப்பு

பெரும்பாலான கழிவுப் படைப்புகள் இணைப்பில்தான் தோற்கின்றன. குடம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் உறுதி. எண் இல்லாத மலிவான குடமென்றால் ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். இந்த இரண்டு வகையும் மிதக்கும். பிவிசி-யும், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் மூழ்கும். மிதக்கும் பிளாஸ்டிக்கின்மீது ஃபெவிகாலோ அரால்டைட்டோ பிடிக்காது; ஒட்டியதுபோல் தோன்றி, நகத்தால் நெம்பினால் தகடாக உரிந்து வந்துவிடும். பள்ளிக் கண்காட்சிகளில் எல்லாரும் கையிலெடுக்கும் குளூ கன் பசை நம் ஊர் மே மாத வெயிலில் இளகிவிடும். ஆகவே பசையை மறந்துவிட்டு, தையல், கட்டு, நட்டு போல்ட்டு என்ற மூன்றை நம்புங்கள்.

துளையை விளிம்பிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளிப் போடுங்கள். துளைபோடும் இடத்துக்கு உள்ளே ஒரு மரக்கட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, டிரில்லை மெதுவாக ஓடவிட வேண்டும். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி விளிம்பு பிசிறும். ஏற்கெனவே விரிசல் இருக்கும் குடத்தில், விரிசல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் 3 மி.மீ. அளவுக்கு ஒரு சிறு துளை போட்டுவிட்டால் விரிசல் மேலே பரவாமல் நிற்கும். விரிசல் கூர்நுனியாக இருக்கும்வரை இழுவிசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து மேலும் கிழித்துக்கொண்டு போகும். நுனி வட்டமானதும் விசை பரவிவிடும்.

பக்கத்துப் பக்கத்துக் குடங்களின் வயிறு தொடும் இடத்தில் துளைபோட்டு, இருபுறமும் அகலமான வாஷர் வைத்துப் போல்ட்டால் முடுக்குங்கள். வாஷருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வைப்பது நல்லது. அது அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். கழுத்தைப் பின்னால் நிறுத்திய இரும்புச் சட்டத்தோடு கம்பியால் கட்ட வேண்டும். சாரம் கட்டவும் கம்பி கட்டவும் பயன்படும் சாதாரணக் கட்டுக்கம்பி கடற்காற்றில் சில மாதங்களிலேயே துருப்பிடித்து, குடத்தின்மீது செம்பழுப்புக் கோடுகளை வழியவிடும். பெசன்ட் நகர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் எவர்சில்வர் கம்பியே சரி. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாகத் தொடவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொடுங்கள். கேபிள் டை பயன்படுத்துவதானால் கறுப்பு நிறத்தையே வாங்குங்கள். வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்.

இந்த வேலைகளில் பாதியைப் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்காரரும் டிங்கரிங் வேலைக்காரரும் நம்மைவிட நன்றாக அறிவார்கள். படத்தைக் காட்டி, எவ்வளவு எடை, எங்கே நிற்கப்போகிறது என்று சொல்லி, அவர்கள் கருத்தைக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒரு குறுக்குச் சட்டம் கூடுதலாக வேண்டும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

காற்றும் மழையும்

மண்டபத்துக்குள் வைக்கும் படைப்புக்கு எடை ஒன்றே பிரச்சினை. வெளியே வைத்தால் காற்றுதான் முதல் எதிரி. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று சரிந்து விழுந்து ஓர் உயிர் போனதை இந்த நகரம் மறக்கவில்லை. ஆகவே கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எதையும் பொது இடத்தில் நிமிர்த்தக் கூடாது.

கணக்கு எளிதுதான். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் காற்று தள்ளும் விசை நியூட்டன் அளவில் கிடைக்கும். அதைப் பத்தால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். மணிக்கு 54 கி.மீ. வேகக் காற்று என்பது நொடிக்கு 15 மீட்டர். 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225, 0.6-ஆல் பெருக்கினால் 135. அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ. நம் சுவரின் பரப்பு 6 சதுர மீட்டர் என்பதால் 84 கிலோ தள்ளுவிசை, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில். சட்டத்தின் அடிக்கால்கள் முன்னும் பின்னுமாக 1.5 மீட்டர் அகலம் இருந்தால், கவிழாமல் நிறுத்துவதற்குக் கைகொடுப்பது அதில் பாதியான 0.75 மீட்டர்தான். 84-ஐ 0.75-ஆல் வகுத்தால், கவிழாமல் நிற்கத் தேவையான மொத்த எடை 112 கிலோ. பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 168 கிலோ. குடங்கள் ஒன்று அரைக் கிலோ வீதம் மொத்தமே 30 கிலோதான் இருக்கும், 40 மி.மீ. இரும்பு ஆங்கிள் சட்டம் மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ. மீதியை அடிக்கால்களின் மேல் மணல் மூட்டைகளாக வைத்தாக வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும் சரிபாதியாக. வட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் கொஞ்சம் காற்று புகுந்து போகும் என்றாலும், அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது நல்லது.

இது புயல் இல்லாத நாளில் வீசும் பலத்த காற்றுக்கு. கட்டடங்களை வடிவமைக்கும் இந்தியத் தர விதிகள் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை எடுத்துக்கொள்கின்றன. மேற்கண்ட கணக்கை அதற்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோ, நம் சுவருக்கு 900 கிலோ. மணல் மூட்டையால் அதைத் தாங்க முடியாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன நகரம் இது. எனவே தற்காலிகப் படைப்பென்றால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே இறக்கி உள்ளே வைத்துவிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக நிற்க வேண்டியதென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரின் கையொப்பம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கணக்கு ஒருபுறம் இருக்க, இழுத்துப் பார்ப்பதும் அவசியம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சைமன் ரோடியா என்ற கட்டடத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தன்னந்தனியாக, இரும்புக் கம்பியும் வலையும் சிமென்டும் கொண்டு கோபுரங்களை எழுப்பி, உடைந்த பீங்கானையும் கண்ணாடிப் புட்டிகளையும் கிளிஞ்சல்களையும் அவற்றில் பதித்தார். மிக உயரமான கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர். ஆபத்தானவை என்று கருதி இடிக்க நகர நிர்வாகம் முடிவெடுத்தபோது, 1959-இல் ஏறத்தாழ 4,500 கிலோ விசையால் பக்கவாட்டில் இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் தாங்கி நின்றது, இன்றும் நிற்கிறது. நாமும் நம் அளவில் அதைச் செய்ய வேண்டும்: சுவரின் நடு உயரத்தில் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு தொங்கு தராசை மாட்டி, கணக்கில் வந்த 84 கிலோ காட்டும்வரை இழுத்துப் பாருங்கள். ஒரு கால்கூடத் தரையைவிட்டுக் கிளம்பக் கூடாது. இழுக்கும்போது யாரும் சுவருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம்.

மேலிருந்து தொங்கவிடும் படைப்பென்றால், கயிறும் கொக்கியும் தொங்கும் எடையைப்போல் குறைந்தது 5 மடங்கையும், கீழே ஆட்கள் நடப்பார்கள் என்றால் 10 மடங்கையும் தாங்க வேண்டும். முதல் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டாவது கயிறு ஒன்றும் எப்போதும் இருக்க வேண்டும்.

மழையை மறந்துவிடாதீர்கள். வாய் மேல்நோக்கிய 15 லிட்டர் குடம் மழைநீரால் நிரம்பினால் 15 கிலோ. அறுபது குடம் நிரம்பினால் 900 கிலோ. படுக்கைவாட்டில் வைத்த குடத்திலும் வயிற்றின் தாழ்ந்த பக்கத்தில் நீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிட அது போதும். ஒவ்வொரு குடத்திலும் மிகத் தாழ்ந்த புள்ளியில் 8 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு, ஒரு குவளை நீரை ஊற்றி முழுவதும் வடிகிறதா என்று பாருங்கள். டயர், தகர டப்பா, உடைந்த பீங்கான் என எதைக் கொண்டு செய்தாலும் இந்த விதி பொருந்தும்.

இடமும் பயணமும்

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் உருவாக்கிய சோழமண்டலம் கலைக் கிராமம், முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் ஆகிய இடங்களுக்குச் சென்று, அங்கு மற்றவர்கள் படைப்பை எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளிவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அளந்து பாருங்கள். முதல் படைப்புக்குக் கல்லூரி வளாகமோ, கிளை நூலகமோ, குடியிருப்பின் முற்றமோ போதும். பூங்கா, நடைபாதை, கடற்கரை போன்ற பொது இடம் என்றால் மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்தோடு வரைபடம், மொத்த எடை, எத்தனை நாள், எப்போது அகற்றப்படும் என்ற விவரங்களையும் காற்றுக் கணக்கையும் இணைத்தால், கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கும்.

ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். குட்டியானை வண்டியின் பின்தளம் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதில் அடங்கும் பகுதிகளாகச் சட்டத்தைப் பிரித்து, போல்ட்டால் இணைக்கும்படி அமைத்துக்கொண்டால், பக்கத்துப் பகுதிக்கென்றால் மீன்பாடி வண்டியிலும் கொண்டுபோய்விடலாம். ஒவ்வொரு குடத்துக்கும் பின்புறத்தில் வரிசை எண்ணை எழுதிவையுங்கள். செய்யும் அறையின் வாசலையும், போய்ச்சேரும் இடத்தின் வாசலையும், இடையில் உள்ள படிக்கட்டின் திருப்பத்தையும் வேலை தொடங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

விளக்கு வைப்பதானால் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பாயும் ஒரே ஒளி போதும். கீறல்கள் அப்போதுதான் எழுந்து தெரியும். நிற விளக்குகள் வேண்டாம்.

விவரப் பலகையைத் தமிழில் எழுதுங்கள், சுருக்கமாக: தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, குடங்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தன, யார் யார் உழைத்தார்கள். காயலான் கடைக்காரரும் வெல்டரும் சம்மதித்தால் அவர்கள் பெயர்களும் உங்கள் பெயரின் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். படைப்பு என்ன சொல்கிறது என்ற விளக்கத்தைப் பலகையில் எழுத வேண்டாம். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் அதன் முன் வந்து நிற்கும்போது, அவர்களுக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாக நாம் சொல்லிவிட எதுவும் இல்லை.

பிரித்தல்

கண்காட்சி முடிந்த பிறகு இந்தப் பொருளுக்கு என்ன ஆகும் என்பதை, முதல் துளை போடுவதற்கு முன்பே தாளில் எழுதிவைக்க வேண்டும். பசையும் பெயிண்டும் சேர்ந்த பிளாஸ்டிக்கைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள், எடுத்தாலும் விலை குறையும். அரைத்து மறுபடி உருக்கும்போது அந்தக் கலப்பு முழுச் சரக்கையும் கெடுக்கும். போல்ட்டும் கம்பியும் கொண்டு இணைத்ததென்றால், ஸ்பேனரும் குறடும் கொண்டு ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் வகைவகையாகப் பிரித்துவிடலாம். பசையைத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடங்களை நிறவாரியாகக் கட்டி, வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். எவர்சில்வர் கம்பியையும் போல்ட்டுகளையும் எண்ணெய் தடவி டப்பாவில் போட்டு அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைத் துருநீக்கி, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு கொடுத்துக் கூரைக்கடியில் சாய்த்து வையுங்கள். மணலைக் கட்டட வேலை நடக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சாக்குகளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நூல் கட்டிய குடங்களும் பெயரெழுத்துள்ள குடங்களும் சில இருக்கும். அவற்றை மட்டும் எடைக்குப் போடாமல், வரிசை எண்ணோடும் வந்த தெருவின் பெயரோடும் தனியே எடுத்துவைத்தால், வேறோர் இடத்தில் வேறோர் அடுக்கில் அவற்றை மீண்டும் பயன்படுத்தலாம்.